தாய் நாற்பத்தொன்று, தகப்பன் சாக்கு

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் மட்டும் புழங்கியது. தெருவில் அவள் பல்லக்கா. அவள் புருஷன் மைக்காரர். இரண்டு பேருக்குமே பார்த்த வேலை வைத்த பெயர்தான்.

முப்பத்தோரு வருஷமாக அவள் ஒரு பல் லேபில் வேலை பார்த்தாள். லேப் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கட்டடத்தின் பின்பக்கம் இரண்டு அறை, நீளமாக ஒரு மேஜை, மேஜைமேல் மூன்று விளக்கு, ஓர் அடுப்பு, எங்கே கை வைத்தாலும் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டர் மாவு. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். முகம் தெரியாத ஆளின் வாய் அவளுக்கு அத்துப்படி. நாம் பொத்தாம்பொதுவாக வெள்ளை என்று சொல்வதில் பதினாறு வெள்ளை இருக்கிறது என்பாள். மஞ்சள் ஓடுகிற வெள்ளை, சாம்பல் ஓடுகிற வெள்ளை என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவாள். புதிதாக யாரைச் சந்தித்தாலும் அவள் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். அதனாலேயே சிலர் அவளிடம் சிரிக்கப் பயந்தார்கள்.

மைக்காரர் அட்டைப்பெட்டி அச்சடிக்கிற இடத்தில் மை கலந்தவர். வெள்ளை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, அது வெறும் காகிதம். அவருக்குக் கறுப்புதான் எல்லாம். நீலம் ஓடுகிற கறுப்பு, பழுப்பு ஓடுகிற கறுப்பு, பச்சை ஒளிந்திருக்கிற கறுப்பு என்று ஒரு மணி நேரம் பேசுவார். சுத்தமான கறுப்பை டப்பாவில்தான் பார்த்திருக்கிறேன், ஒரு பூவில் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று முப்பத்தைந்து வயதில் கிளம்பினார். கிளம்பியவர் போய்ச் சேர்ந்த இடம் ஐரிஸ்.

ஐரிஸ் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. கத்தி கத்தியாக இலை, மண்ணில் பாதியும் வெளியில் பாதியுமாக இஞ்சிபோலக் கிழங்கு, நடுவில் ஒரே தண்டு. பூவில் மூன்று இதழ் மேலே நிமிர்ந்து நிற்கும், மூன்று இதழ் கீழே தொங்கும், தொங்குவதன்மேல் சின்னதாக ஒரு தாடி. வருஷத்தில் மூன்று வாரம் பூக்கும். மீதி நாளெல்லாம் அதைப் பார்த்து யாரும் பூச்செடி என்று சொல்ல மாட்டார்கள்.

வாங்கி நட்டு அழகு பார்க்கிறவர்கள் நிறையப் பேர். மைக்காரர் அந்த ரகம் இல்லை. உலகத்தில் இல்லாத ஒரு பூவைப் பிறக்கவைக்க வேண்டும் என்கிற ரகம். அதற்கு ஒரு செடியின் மகரந்தத்தை இடுக்கியால் எடுத்து இன்னொரு செடியின் பூவில் தடவ வேண்டும். தடவிய கையோடு அந்தப் பூவின் தொங்கும் இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். வண்டு வந்து உட்கார இடம் இருந்தால் அது வேறு எங்கிருந்தோ கொண்டுவந்ததைப் பூசிவிட்டுப் போய்விடும், யார் பிள்ளை என்றே தெரியாது. பிறகு தண்டில் ஒரு சீட்டுக் கட்ட வேண்டும்: தாயின் எண் முதலில், தகப்பனின் எண் அடுத்து. காய் பிடித்து, விதை முற்றி, முளைத்து, முதல் பூவைப் பார்க்க மூன்று வருஷம். நூறு முளைத்தால் தொண்ணூற்றெட்டு குப்பைக்கு. மிஞ்சிய இரண்டு அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பன்.

எல்லாமே அந்த ஜோடியில்தான் இருக்கிறது. கையில் இடுக்கியோடு நிற்கிற அந்த ஒரு காலையில் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அந்தத் தப்புக்குப் பேரப்பிள்ளையே பிறந்திருக்கும்.

ஜோடி பார்ப்பது மைக்காரர். களை பறிப்பது, கிழங்கு பிரிப்பது, சீட்டுக் கட்டுவது, எறிவது பல்லக்கா. மகரந்தம் தடவுவதுகூடப் பெரும்பாலும் அவள்தான், பல் பதித்துப் பழகிய கை நடுங்காது. ஆனால் எதன்மேல் எதைத் தடவுவது என்பதில் அவள் வாய் திறக்கக் கூடாது. இது எழுதிவைத்த சட்டம் இல்லை, இருபத்தாறு வருஷத்தில் தானாக உறைந்துபோன சட்டம்.

எழுதிவைத்த சட்டம் ஒன்றே ஒன்று. நீளமான ஒரு தடித்த நோட்டில் ஒவ்வொரு கலப்பையும் மைக்காரர் எழுதுவார். தாய், தகப்பன், தேதி, கடைசியில் கையெழுத்து. அதில் பொய் இருக்கக் கூடாது. எது தகப்பன் என்று தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது, ஊகித்து எழுதாதே. பூச்சங்கத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார், பேங்க்காரர். பரிசு வாங்கிய ஒரு செடிக்குத் தகப்பன் பெயரைப் பேங்க்காரர் மாற்றிச் சொன்னது தெரிந்த நாளிலிருந்து இவர் அவரோடு பேச்சை விட்டார். பத்து வருஷச் சிநேகம். எதிரில் வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

இனி பல்லக்கா செய்த காரியத்துக்கு வருவோம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி மைக்காரர் எங்கிருந்தோ ஒரு வெளிச்செடி வாங்கிவந்து தன் கறுப்பு வரிசையோடு ஒரு தடவை கலந்து பார்த்தார். பூத்த அத்தனையும் அவருக்குக் குமட்டியது. அதில் ஒன்று நனைந்த சாக்கின் நிறம். போதாததற்கு இலையின் அடியில், மண்ணைத் தொடும் இடத்தில், ஊதா. அடியில் ஊதா இருந்தால் அது பூவுக்கும் ஏறும், கறுப்பைக் கெடுக்கும் என்பது மைக்காரரின் நம்பிக்கை. அவர் தோட்டத்தில் இலையடியில் ஊதா உள்ள செடி ஒன்றுகூடக் கிடையாது. வாயில் மண்ணைப் போட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "இந்தச் சாக்கப் பிடுங்கிப் போடு" என்றார்.

"தண்டு நல்லா தடியா இருக்குங்க. எட்டு மொட்டு. ஒரு வருஷம் விட்டுப் பாக்கலாமே" என்றாள் பல்லக்கா.

"உனக்குப் பல்லு தெரியும். பூ தெரியாது" என்றார் அவர்.

பிடுங்கினாள். குப்பையில் போடவில்லை. செடிமேல் பாவம் பார்த்து அல்ல, ஆத்திரம். அன்றைக்கு அவளுக்கு இருந்த ஆத்திரத்தில் அவர் எறியச் சொன்ன எதையும் எறியாமல் வைத்துக்கொள்ளத் தோன்றியது. கைப்பையில் போட்டு எடுத்துப்போய் லேபின் பின்னால், பிளாஸ்டர் தண்ணீர் ஓடுகிற சாக்கடை ஓரத்தில் குத்திவைத்தாள். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னக்கா, வெங்காயமா?" என்றார். "ஆமா" என்றாள். ஊரில் சிலர் சின்ன வீடு வைத்துக்கொள்வார்கள். பல்லக்கா ஒரு செடி வைத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். வருஷா வருஷம் அது சாக்கு நிறத்தில் கூட்டமாகப் பூத்தது. மழைக்காலம் முழுக்க அதன் கிழங்கு தண்ணீரில் கிடக்கும். ஒரு தடவைகூட அழுகவில்லை.

வீட்டில் அப்படி இல்லை. மைக்காரர் கறுப்பைத் துரத்திக்கொண்டு நாலு தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குள் அக்காவையும் தம்பியையும் கலந்துகொண்டே வந்தார். கறுப்பு கூடிக்கொண்டே வந்தது உண்மை. நாற்பத்தொன்றாம் எண் செடி முதல் தடவை பூத்த காலை அவர் அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தவர் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. ஓரத்தில் மட்டும் ஒரு நூல் பழுப்பு. இன்னும் ஒரே ஒரு தலைமுறை, போதும் என்றார். ஆனால் அந்தக் குடும்பத்துக்குக் கிழங்கில் வலு இல்லை. ஒரு நீண்ட மழைக்காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொழகொழவென்று அழுகி, நாற்றமெடுத்து, மிஞ்சியது இரண்டே செடி. நாற்பத்தொன்று, அதன் உடன்பிறப்பு நாற்பத்துமூன்று.

அதே மழைக்காலத்தில் மைக்காரரின் இருதயமும் தளர்ந்துபோயிற்று. கால் இரண்டும் வீங்கி, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. டாக்டர் பல்லக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு வருஷம்னு வச்சுக்குங்கம்மா. அதுக்கு மேல கிடைச்சா லாபம்" என்றார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, டாக்டருக்கு முன்பல் இரண்டும் கட்டினது, யார் செய்ததோ, நிறம் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அழுகை பஸ்ஸில்தான் வந்தது.

கட்டிலைத் தோட்டத்து ஜன்னலோரம் போட்டார்கள். பூக்கும் காலம் வந்தது. நாற்பத்தொன்று ஒரே ஒரு தண்டு விட்டது. அதில் நாலு மொட்டு. அடியில் இரண்டு விரியாமலே அழுகின. மிச்சம் இரண்டு பூ. அதன் கிழங்கை அமுக்கிப் பார்த்த பல்லக்காவுக்கு விரல் உள்ளே போயிற்று. அடுத்த மழையைத் தாண்டாது. இந்த இரண்டு பூவில் காய் பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இருபத்தாறு வருஷம் அதோடு சரி.

"நாப்பத்தொண்ணு மேல நாப்பத்துமூணு போடு" என்றார் ஜன்னலிலிருந்து.

சட்டத்தை மீறி அவள் வாயைத் திறந்தாள். "ரெண்டும் ஒரே காய்ல பொறந்ததுங்க."

"அதனாலதான் சொல்றேன். ரெண்டுலயும் கறுப்பு இருக்கு. கறுப்பு மேல கறுப்பு போட்டாத்தான் கறுப்பு நிக்கும்."

"ரெண்டுலயும் அழுகலும் இருக்கு. அழுகல் மேல அழுகல் போட்டா அதுவும்தான் நிக்கும்."

அவருக்கு மூச்சு வாங்கியது. அந்த நிலைமையில் இருக்கிற மனுஷனோடு எதற்கு வாதம் என்று அவள் போய் முதல் பூவில் அவர் சொன்னபடியே செய்தாள். சீட்டும் கட்டினாள். ஆறாம் நாள் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி, தொட்டதும் கையோடு வந்தது.

கடைசி மொட்டு குளிரில் விரியாமல் எட்டு நாள் இழுத்தது. ஒன்பதாம் நாள் விரியும் என்று முந்தின நாளே தெரிந்தது. அன்றே மத்தியானம் லேபின் பின்பக்கம் பல்லக்கா சாப்பாட்டைத் திறக்காமல் சாக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஏழு தண்டு, காற்றில் ஒன்றுகூடச் சாயவில்லை. கடைசியில் இடுக்கியை எடுத்து மூன்று மகரந்தப் பைகளைக் கிள்ளி, முன்பல் வைக்கிற சின்ன டப்பியில் போட்டு மூடினாள்.

மறுநாள் காலையில் அவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பத்துமூணுதானே எடுத்த?"

"ம்" என்றாள். நாற்பத்துமூன்றின் பக்கம் குனிந்து எடுப்பதுபோல ஒரு பாவனை. பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று டப்பியைத் திறந்தாள். தடவினாள், இதழைக் கிள்ளினாள், சீட்டை எழுதினாள். நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று. நோட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோனபோது அவர் அதையே திருத்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு கணம் அட்டையைத் தடவிக்கொடுத்தார். "இருபத்தாறு வருஷத்துல இதுல ஒரு பொய் கிடையாது, தெரியுமா?" என்றார்.

காய் பிடித்தது. பிடித்தது மட்டுமல்ல, கட்டைவிரல் தடிமனுக்குப் பருத்தது. மைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? பிடிக்காது பிடிக்காதுன்ன. நாப்பத்துமூணுக்கு உசுரு இருக்கு" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வெளியூரில் இருந்த மகள் போன் செய்தால் அவளிடமும் அதுதான். ஒவ்வொரு தடவையும் பல்லக்கா அடுப்படிக்குப் போய் எதையாவது கழுவினாள். அந்த வருஷம் அந்த வீட்டுப் பாத்திரங்கள் இருந்த சுத்தம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை கட்டில் பக்கம் போனாள். அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் இது, அதில் மண்ணைப் போட மனசு வரவில்லை.

மழை வந்தது. அவள் நினைத்தபடியே நாற்பத்தொன்று அழுகியது. நாற்பத்துமூன்றும் பின்னாலேயே போயிற்று. குளிர் முடிகிற சமயத்தில் விதைத் தட்டில் பத்தொன்பது முளை. ஒரு விரல் உயரம், மெல்லிசாக, பச்சையாக. ஒரு மாதத்தில் ஒரு சாண் ஆயிற்று.

மைக்காரர் அதற்குள் பாதியாக இளைத்திருந்தார். "தட்டைக் கொண்டா, பக்கத்துல பாக்கணும்" என்றார். கொண்டுவந்து மடியில் வைத்தாள். லென்ஸை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலாவதில் நின்றார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். மண்ணை விரலால் ஒதுக்கினார். பத்தொன்பதில் பதினொன்றுக்கு இலையடியில் ஊதா.

லென்ஸைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"இதழைக் கிள்ளினியா அன்னைக்கு?" என்றார் கடைசியில். "மறந்திருப்ப. வண்டு வந்திருக்கும். வேற எங்கயோ இருந்து கொண்டுவந்து பூசியிருக்கும்."

அவள் அப்படியே ஒப்புக்கொள்ளலாம். மறந்துவிட்டேன் என்ற ஒரே வார்த்தை. நோட்டில் தகப்பன் தெரியாது என்று எழுதுவார், வண்டைத் திட்டுவார், முடிந்தது. அவர் தெரிந்தேதான் அந்த வழியைத் திறந்துவிட்டாரா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

"வண்டு இல்லைங்க. நான்தான்" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி எறியாமல் வைத்ததில் தொடங்கி, பல் டப்பிவரைக்கும். சொல்லும்போது அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். அழாமல்தான் சொன்னாள்.

"பன்னெண்டு வருஷமா எனக்குத் தெரியாம ஒரு செடி வச்சிருந்திருக்க" என்றார் அவர். முகம் வெளுத்திருந்தது. "தெனமும் சாயங்காலம் அதுகிட்ட இருந்து எழுந்து என்கிட்ட வந்திருக்க."

"ஆமா."

"என் கையாலயே பொய்ய எழுத வச்சிட்ட."

"ஆமாங்க. அது தப்பு."

"கொட்டிரு. தட்டோட."

"மாட்டேன்" என்றாள் பல்லக்கா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "கொன்னாலும் மாட்டேன். உங்க நாப்பத்தொண்ணு இப்ப இந்தத் தட்டுல மட்டும்தான் இருக்கு."

மூன்று நாள் அவர் அவளோடு பேசவில்லை. தண்ணீர், மாத்திரை, அவ்வளவுதான். பேங்க்காரருக்குக் கிடைத்த அதே மௌனம். பேங்க்காரராவது தெருவின் அந்தப் பக்கம் போய்விடலாம். இவள் அவரைத் தூக்கி உட்காரவைக்க வேண்டும், கால் துடைக்க வேண்டும், வாய் கொப்பளிக்கக் கிண்ணம் பிடிக்க வேண்டும். ஒரு மனுஷன் தன்னிடம் பேசாமலே செத்துப்போய்விடுவானோ என்று பயந்துகொண்டு அவனுக்குச் சோறு ஊட்டுவது எப்படி இருக்கும் என்று அந்த மூன்று நாளில் அவளுக்குத் தெரிந்தது.

நாலாம் நாள் காலையில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அது இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

"லேப் பின்னால. சாக்கடை ஓரத்துல."

"அழுகல?"

"ஒரு தடவகூட இல்ல."

"சாக்கடையில" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நான் மணல் போட்டு, மேடு கட்டி, கூரை போட்டு..." மேலே சொல்ல மூச்சு இல்லை. சிரிக்க முயன்றதுபோல இருந்தது. பிறகு, "நோட்டை எடு" என்றார்.

தலையணை வைத்து நிமிர்த்தினாள். பக்கத்தைத் தேடி எடுத்து நாற்பத்துமூன்று என்பதன்மேல் ஒரு கோடு போட்டார். அந்த நோட்டில் விழுந்த முதல் அடித்தல் அது. பேனா அங்கேயே நின்றது. எறியச் சொன்ன செடிக்கு எண் கிடையாது.

"இதுக்கு என்ன பேரு வச்ச?"

"நீங்க வச்ச பேருதான். சாக்கு."

எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. கீழே தன் கையெழுத்தையும் அடித்துவிட்டு நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "கலந்தது நீ. கையெழுத்தும் நீ போடு."

போட்டாள். சம்பளச் சீட்டிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் மட்டும் இருந்த பெயர் அந்த நோட்டில் ஏறியது.

"செஞ்சது சரியா இருக்கலாம்" என்றார் மைக்காரர். "எழுதுனது தப்பு. அத நான் மறக்க மாட்டேன்."

மறக்காமல் இருக்க அவருக்கு அதிக நாள் இருக்கவில்லை. ஐந்தாவது வாரம் போய்ச் சேர்ந்தார். இடையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள், சாப்பாடு பற்றி, மகள் பற்றி, நாற்றுகளை எப்போது தரையில் நடுவது என்பது பற்றி. ஒரு சாயங்காலம் அவள் கையை எடுத்துத் தன் மார்பின்மேல் வைத்துக்கொண்டு தூங்கினார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. சாவுக்குப் பேங்க்காரர் வந்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பத்தொன்பதில் பதினேழு பூத்தன. இடையில் இரண்டு மழைக்காலம். பாத்தி குளமாகக் கிடந்த நாளெல்லாம் அவள் குடையோடு போய்க் கிழங்குகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றுகூட அழுகவில்லை. தண்டுகள் குச்சி கட்டாமல் நின்றன. இவ்வளவு நல்லது. கெட்டது, கறுப்பு இல்லை. ஒன்றில்கூட இல்லை. சேற்று ஊதா, பழுப்பு, காய்ந்த ரத்தத்தின் நிறம், இரண்டு மூன்றில் அப்பட்டமான சாக்கு. பதினேழு பூவையும் சுற்றி வந்து அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். இதை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கப் பயமாக இருந்தது.

ஆனால் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றவளுக்கு ஒன்று தெரியும். கறுப்பு போய்விடவில்லை. உள்ளே இருக்கிறது, ஒளிந்து. ஒவ்வொரு செடியும் நாற்பத்தொன்றிடமிருந்து அதில் பாதியை வாங்கி வைத்திருக்கிறது. வெளியே வரவேண்டுமென்றால் இரண்டு பாதியும் ஒரு விதையில் சேரவேண்டும். நாற்பத்தொன்று செத்துப்போயிற்று, நாற்பத்துமூன்று செத்துப்போயிற்று. இனி அந்தப் பாதி இருப்பது இந்தப் பதினேழுக்குள் மட்டும்தான். அப்படியென்றால் ஒரே வழி, அக்காவையும் தம்பியையும் கலப்பது. எதற்காக அவரோடு மல்லுக்கு நின்றாளோ, எதற்காகப் பொய் சொன்னாளோ, அதே காரியம்.

இருபத்தாறு வருஷமாக அவர் பிடிவாதத்தால்தான் அப்படிச் செய்தார் என்று அவள் நினைத்திருந்தாள். கையில் இடுக்கியோடு அந்த வரப்பில் நின்றபோதுதான் புரிந்தது. அவருக்கும் ஒவ்வொரு தடவையும் வேறு செடி இருந்திருக்காது. இந்த ஒரு தடவை மட்டும் என்று சொல்லிக்கொண்டுதான் அவரும் நாலு தலைமுறை போயிருப்பார். இதைப் பேச இப்போது வீட்டில் ஆள் இல்லை என்பது அவளை அறைந்தது. நின்ற இடத்தில் நின்று அழுதாள், அவர் செத்த அன்று அழுததைவிட அதிகமாக.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தாள். பூவைப் பார்ப்பதற்கு முன்னால் கிழங்கைப் பார்த்தாள். கட்டைவிரலை அழுத்தி, அமுங்காதவற்றை மட்டும் ஒதுக்கினாள். ஐந்து தேறியது. அதில் தண்டு நேராக நிற்பவை மூன்று. மூன்றில் தொங்கும் இதழ் இருட்டாக இருந்த ஒன்று தாய். அழகே இல்லாத, எட்டு மொட்டு வைத்த ஒன்று தகப்பன். மகரந்தத்தைத் தடவி, இதழைக் கிள்ளி எறிந்தாள். சீட்டில் தாயின் எண்ணையும் தகப்பனின் எண்ணையும் உள்ளபடியே எழுதிக் கட்டினாள். தட்டிக்கேட்க ஆளில்லாத இடத்தில் உண்மையை எழுதுவது ரொம்பச் சுலபமாக இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை.